நம்பர் இருந்த இடம்

"சாவு வூட்ல பொம்மைய கொண்டாந்து வெக்கிறியேடா, நாலு பேரு பாத்தா சிரிக்க மாட்டான்?"

"பொம்மைன்னு சொல்லாதீங்க சித்தப்பா. அப்பா ஓட்டுன வண்டி அது."

"ஓட்டுன வண்டி எந்த ஷெட்டுல துரு புடிச்சிக் கெடக்குதோ. இது நீ மாடியில குந்திகினு சோறு தண்ணி இல்லாம நோண்டிகினு இருந்தது. எனக்குத் தெரியாதா?"

"அதான் சொல்றன், நான் செஞ்சது. எங்கப்பாவுக்கு நான் வெக்கிறன். உங்களுக்கு இன்னா?"

"பொட்டி மேல மால வெப்பாங்க. சுருட்டு வெப்பாங்க. எங்க மாமனார் செத்தப்ப குவார்ட்டரே வெச்சாங்க. ரயில வெச்சி நான் பாத்ததில்ல."

"குவார்ட்டர் வெக்கலாம், என்ஜின் வெக்கக் கூடாதா?"

பந்தலில் யாரோ சிரித்துவிட்டு, சிரித்ததை இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

தனக்கொடி வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் குந்தி, அப்பாவின் கட்டிலில் விரித்திருந்த ரெக்சின் துணியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இனி அதற்கு வேலை இல்லை. தேய்க்காமல் சுருட்டிக் குப்பையில் போட்டிருக்கலாம். தினமும் காலையில் செய்கிற வேலை என்பதால் கை அதுபாட்டுக்குச் செய்தது. உள்ளே நடந்த சண்டை ஒரு வார்த்தை விடாமல் காதில் விழுந்தது. ராமு சித்தப்பா தோற்றுவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். அவர் சத்தம் போடுவார், பிறகு டீ குடிக்கப் போய்விடுவார். தம்பி அரிகரன் அப்படியில்லை. நினைத்ததை வைத்துவிட்டுத்தான் நகர்வான்.

கண்ணையன் விடியும்போது போய்விட்டார். சர்க்கரை பார்க்க விரலைத் தொட்ட தனக்கொடிக்கு விரல் சில்லென்று இருந்தது. அழுகை வரவில்லை. முதலில் கால் நீட்டி உட்கார்ந்தாள். அப்புறம்தான் சென்னையில் இருக்கிற தம்பிக்குப் போன் போட்டாள். அவன் மனைவி அர்ச்சனாவோடு காரில் ஏறி ஏம்பலம் வந்து சேருவதற்குள் ஃபிரீசர் பெட்டி வந்துவிட்டது, பந்தல் போட்டாகிவிட்டது, ஊர் பாதி வந்து அழுதுவிட்டும் போய்விட்டது.

கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். நினைத்தது சரிதான். சித்தப்பாவைக் காணோம். கண்ணாடிப் பெட்டியின் மேல், அப்பாவின் நெஞ்சுக்கு நேராக, என்ஜின் நின்றுகொண்டிருந்தது.

முழங்கை நீளம் இருக்கும். பச்சை உடம்பு, நடுவில் மஞ்சள் பட்டை, கூரையில் சின்னச் சின்ன விசிறிகள். பழைய மீட்டர்கேஜ் டீசல். விழுப்புரத்துக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவே கண்ணையன் பல வருஷம் ஓட்டிய வகை. பக்கவாட்டில், டிரைவர் நிற்கிற ஜன்னலுக்குக் கீழே, வெள்ளையில் நாலு இலக்கம். கடைசி இலக்கம் ஏழு.

"தம்பி, அத எடுத்து உள்ள வெச்சிடேன்டா" என்றாள் தனக்கொடி. "பெட்டி மேல தண்ணி கோத்து நிக்குது. கெட்டுப் போயிடப் போவுது."

"அடியில துணி போட்டிருக்கன்."

"ஜனங்க மால போடுவாங்க, இடிச்சிடுவாங்க."

"நீயும் ஆரம்பிச்சிட்டியா?" அரிகரன் குரலைத் தாழ்த்தினான். தாழ்த்தினால்தான் அவன் வார்த்தை குத்தும். "உனக்கு என்னிக்குமே அந்த என்ஜின் புடிக்காது. அதும் மேல துண்ட போட்டு மூடி வெச்சவ நீ. அப்பாவுக்குப் புடிச்சிருந்துச்சி. அவரு போவும்போதாவது கூட இருக்கட்டும்."

நாற்காலி கேட்டு யாரோ கூப்பிட்டார்கள், போனாள்.

*

அம்மா செத்த அடுத்த பொங்கலுக்கு அரிகரன் அப்பாவுக்குக் கொடுத்தது அது. வெளிநாட்டில் செய்த மாடல். வாங்கும்போது அதில் வேறு ஏதோ ஷெட்டின் பேரும் வேறு நம்பரும் அச்சடித்து வந்திருந்தன. மீட்டர்கேஜின் கடைசி நாளில் அப்பா ஒரு என்ஜின் பக்கத்தில் நிற்கிற போட்டோ வீட்டில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, மாடலில் இருந்த அச்சையெல்லாம் லீவில் வந்து இங்கே மாடி அறையில் உட்கார்ந்து அழித்தான். பெயிண்ட் போகாமல் அச்சை மட்டும் எடுக்க வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும் என்று சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போனபோதெல்லாம் சொன்னான். அப்புறம் போட்டோவில் இருந்த நம்பரை, தண்ணீரில் ஊறவைத்து நழுவவிட்டு ஒட்டுகிற மெல்லிய தாளில் அச்சடித்து வரவழைத்து ஒட்டினான். மேலே வார்னிஷ். ஒட்டியது என்று யாரும் சொல்ல முடியாது. கம்பெனியிலேயே அப்படி வந்தது போல இருந்தது.

கண்ணையன் அதை மடியில் வைத்துக் கூரையைத் தடவினார். ஒவ்வொரு விசிறியாக விரலால் தொட்டார். "நல்லா பண்ணியிருக்கடா" என்றார். கட்டைவிரலை நம்பர் மேல் வைத்துக்கொண்டே சொன்னார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அரிகரன் அதை ஊரெல்லாம் சொன்னான். எங்கப்பா அழுது நான் பார்த்ததே இல்லை, அன்னைக்கு அழுதுட்டாரு.

டிவிக்குப் பக்கத்தில், ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடத்தில், சின்னக் கண்ணாடிக் கூண்டுக்குள் அது ஏறி உட்கார்ந்தது. அப்பா சாய்வு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். டிவி சத்தம் தலைவலிக்கிறது என்றார். யாரும் ஒன்றும் நினைக்கவில்லை.

பிறகு அவருக்கு ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்டது. கட்டில் கூடத்துக்கு வந்தது. நாற்காலியைத் திருப்பலாம், கட்டிலை அப்படித் திருப்ப முடியவில்லை. தனக்கொடி நெட்டப்பாக்கத்தில் இருந்த தன் வீட்டைப் புருஷனிடம் விட்டுவிட்டு இங்கே வந்து தங்கினாள். ரெண்டு வேளை ஊசி, மூணு வேளை கஞ்சி, துணி மாற்றுவது, புரட்டிப் படுக்க வைப்பது. அப்பா பேசுவது குழறலாக இருந்தது. அவளைத் தவிர ஒருத்தருக்கும் புரியாது.

ஒரு மத்தியானம் கஞ்சியை விழுங்கிவிட்டுச் சொன்னார். "தனம், அந்த நம்பர எடுத்துடும்மா."

"எந்த நம்பரு?"

கண்ணால் காட்டினார்.

அப்போதுதான் சொன்னார். வில்லியனூர் தாண்டி ஒரு வளைவு. தலையில் புல்லுக்கட்டோடு ஒரு பெண் தண்டவாளத்தில் ஏறினாள். புல் ரெண்டு காதையும் மூடியிருந்தது. ஹாரன் அடித்தார், பிரேக் போட்டார், வண்டி அவளைத் தாண்டித்தான் நின்றது. வண்டி நின்ற பிறகு இறங்கிப் போய் முன்னால் பார்த்தார். நம்பர் மேல் பச்சைப் புல் ஒட்டிக்கொண்டிருந்தது. விசாரணை வைத்தார்கள், இவர் மேல் தப்பில்லை என்று எழுதினார்கள். மறுபடி அதே வண்டியைக் கொடுத்தார்கள், ஓட்டினார். கடைசி நாளும் அதே வண்டி வந்து வாய்த்தது. போட்டோக்காரன் நிற்கச் சொன்னான், நின்றார்.

"என்ஜின் இருக்கட்டும். புள்ள நல்லா செஞ்சிருக்கான். நம்பர் மட்டும் வேணாம். நான் போவும்போது அது என் பக்கத்துல வேணாம்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "தம்பிக்குத் தெரிய வேணாம். மனசு ஒடிஞ்சிடுவான்."

"சரிப்பா. எடுத்துடறன்."

சொல்லிவிட்டாள். ஈரத்துணியால் தேய்த்துப் பார்த்தாள். தேங்காய் எண்ணெய் போட்டுப் பார்த்தாள். நம்பர் அசையவில்லை. நகத்தால் சுரண்டினால் பச்சையும் சேர்ந்து வரும் போல இருந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்று துண்டைப் போட்டு மூடினாள். அரிகரன் வீடியோ கால் போட்டான். "அக்கா, என்ஜின் மேல இன்னா துண்டு? சலூன் கடையா அது?" துண்டை எடுத்தாள். அவன் வைக்கிற வரைக்கும் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். "அப்பாவுக்குத் தூக்கம் வருது போல, வெச்சிடறன்" என்றான் அவன்.

நாளைக்குப் பார்க்கலாம் என்றது அப்படியே போனது. ராத்திரி கட்டிலுக்குக் கீழே பாயில் விழுந்தால் அவளுக்கு எதுவும் நினைவு வராது. சோம்பல் இல்லை. உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை, அவ்வளவுதான்.

*

வெயில் ஏறியதும் பஷீர் அகமது வந்தார். வில்லியனூரில் மகன் மாலிக்கின் செருப்புக் கடையில் உட்கார்ந்திருப்பவர். அந்தக் காலத்தில் கண்ணையனுக்கு அசிஸ்டெண்ட். புல்லுக்கட்டு நாளிலும் வண்டியில் அவர்தான் கூட இருந்தார். மாலையைக் கையில் பிடித்தபடி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், பெட்டிக்கு ரெண்டடி முன்னால் நின்றுவிட்டார். அப்பா முகத்தை அவர் பார்க்கவில்லை. நம்பரைத்தான் பார்த்தார்.

"வாங்க பாய்" என்றாள் தனக்கொடி.

"ம்." மாலையைக் கால்மாட்டில் வைத்தார். "கஷ்டப்பட்டாராம்மா?"

"இல்ல பாய். தூக்கத்துலயே."

"நல்லது."

வெளியே போய்ப் பந்தலில் உட்கார்ந்தார். அந்த நாற்காலியிலிருந்து வாசல் வழியாகப் பெட்டி நேராகத் தெரியும். உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்தார். நாற்காலியைத் தூக்கித் தெருவைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, மேளக்காரர்களைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார். அப்பா சாய்வு நாற்காலியைத் திருப்பிப் போட்டதும் இதே மாதிரிதான். அதற்கு மேல் தனக்கொடியால் நிற்க முடியவில்லை.

அர்ச்சனா சமையல்கட்டில் பால் இல்லாத டீ கலந்துகொண்டிருந்தாள்.

"அர்ச்சனா, உங்கிட்ட நெயில் பாலிஷ் ரிமூவர் இருக்குமா?"

"எதுக்கு அண்ணி? இப்பவா?"

"கையில ஒரு கறை. போவமாட்டேங்குது."

அர்ச்சனா அவள் கையைப் பார்த்தாள். கறை எதுவும் இல்லை. செத்த வீட்டில் பெண்கள் ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி இருப்பார்கள் என்று நினைத்திருப்பாள். "ஹேண்ட்பேக்ல இருக்குது பாருங்க. சின்ன பாட்டிலு" என்றாள்.

தனக்கொடி கூடத்துக்குப் போய், "தூசி படிஞ்சிருக்குது, துடைச்சிட்டுக் கொண்டாறன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு என்ஜினைத் தூக்கினாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. அப்பாவின் மருந்துச் சாமான் வைத்திருந்த சின்ன அறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்தாள். தரையில் உட்கார்ந்து, பஞ்சில் ரிமூவரை ஊற்றி, ஏழின் மேல் வைத்து அழுத்தினாள்.

வந்தது. இத்தனை நாளாக அசையாத நம்பர், தொட்டதும் வந்தது. ஏழு வழுக்கிக்கொண்டு போனது. அவளுக்கு ஒரு கணம் உடம்பே லேசானது. அப்புறம் பஞ்சைப் பார்த்தாள். பஞ்சு பச்சையாக இருந்தது. ஏழு இருந்த இடத்தில் பெயிண்ட் சேறு மாதிரி குழைந்து, அதற்குக் கீழே பிளாஸ்டிக்கும் நெகிழ்ந்து, அவள் விரல் ரேகை அதில் பதிந்திருந்தது. துடைத்தாள். துடைக்கத் துடைக்கப் பரவியது.

"கைய எடு."

அரிகரன் கதவில் நின்றான்.

"தேய்க்காத க்கா, தேய்க்காத. இன்னும் தேய்ச்சா ஓட்டையாயிடும். கைய எடுன்னு சொல்றன்ல."

எடுத்தாள். அவன் குனிந்து பாட்டிலை எடுத்து மோந்து பார்த்தான்.

"நெயில் பாலிஷ் ரிமூவரா? இதுல பிளாஸ்டிக்கே கரைஞ்சிடும். அவ்ளோ வயித்தெரிச்சலா உனக்கு? இத்தன வருஷம் உட்டுட்டு, அவர் செத்த அன்னிக்குத்தான் கெடச்சுதா?"

ஒரே வாக்கியம் போதும். மாசக்கணக்கில் அது அவள் தொண்டையில் இருந்தது. அவன் போனில் ஊசி போட்டியா, துணி மாத்தினியா என்று அதிகாரம் செய்யும்போதெல்லாம் அதை எடுத்து எறியலாமா என்று தோன்றும். எறிந்தால் எங்கே விழும் என்றும் தெரியும். இப்போது எறிகிற தெம்புகூட இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அப்பா எடுக்கச் சொன்னாரு."

"எத?"

"நம்பர."

அரிகரன் என்ஜினை எடுத்து ஜன்னல் பக்கம் போனான். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். திரும்பியபோது அவன் முகம் கோபத்தில் இல்லை, வேறு மாதிரி ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு வந்து நிற்பானே, அந்த முகம்.

"தப்பா போட்டுட்டனா க்கா?"

அவள் நிமிர்ந்தாள்.

"போட்டோவ ஸ்கேன் பண்ணி பெருசு பண்ணிப் பாத்தன். நடுவுல இருக்கறது மூணா எட்டான்னு எனக்கே சந்தேகம். அப்பாவ கேட்டா சர்ப்ரைஸ் போயிடும்னு கேக்கல. விழுப்புரத்துல ஷெட்டுல இருந்த ஒருத்தரத் தேடிப் புடிச்சிக் கேட்டன், எட்டுன்னாரு. மூணா அது? ஏன் எங்கிட்ட சொல்லாம இருந்தாரு? ஒரு வார்த்த சொல்லியிருந்தா உக்காந்த எடத்துல மாத்தியிருப்பனே. இவ்ளோ வருஷம் தப்பு நம்பரயா பாத்துகினு இருந்தாரு?"

ஆமாம்டா, மூணு என்று சொல்லலாம். அப்பா கேட்ட ரெண்டுமே நடந்துவிடும். நம்பரும் போகும், இவனுக்கும் தெரியாது. தனக்கொடி வாயைத் திறந்தாள்.

"மேல என் பொட்டியில நம்பர் ஷீட்டு மிச்சம் இருக்குது" என்றான் அவன். "இப்பவே எடுத்துட்டு சரியான நம்பர ஒட்டிடறன். அப்பாவ எடுக்கறதுக்குள்ள முடிச்சிடலாம். சரியான நம்பரோட போவட்டும். எது க்கா? மூணு தானே?"

வெளியே மேளம் ஒரு சுற்று அடித்து நின்றது.

"நம்பர் சரிதான்டா" என்றாள் தனக்கொடி.

"அப்பறம்?"

சொன்னாள். நிறைய வார்த்தை ஆகவில்லை. வளைவு, புல்லுக்கட்டு, ஹாரன், முன்னால் ஒட்டியிருந்த புல். பக்கத்துல வேணாம் என்று சொன்னது. உனக்குத் தெரிய வேணாம் என்று சொன்னதையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். அதை மட்டும் எதற்கு ஒளிப்பது.

அரிகரன் மருந்து வைக்கிற ஸ்டூலில் உட்கார்ந்தான். என்ஜின் அவன் மடியில் இருந்தது. வெகுநேரம் கூரை விசிறிகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்குக் குடுத்தப்ப அழுதாரே க்கா."

தனக்கொடி ரிமூவர் பாட்டிலின் மூடியைத் தேடி எடுத்துத் திருகினாள். திருகி முடித்த பிறகும் திருகினாள்.

"டேய் அரிகரா!" ராமு சித்தப்பா கூடத்திலிருந்து கத்தினார். "எங்கடா போயிட்ட? அண்ணன குளிப்பாட்டணும். எமகண்டத்துக்கு முன்னாடி எடுக்கணும்டா."

"தோ வரன் சித்தப்பா."

எழுந்திருக்கவில்லை. அலமாரித் தட்டைப் பார்த்தான். இன்சுலின் ஊசி, பஞ்சு, மாத்திரை அட்டை, பாதி காலியான ஒரு பாட்டில்.

"அது ஸ்பிரிட்டா?"

"ஆமா. ஊசி போட்டா துடைக்கறது."

"எடு அத. இயர் பட்டும் எடு."

தனக்கொடி கொடுத்தாள். தினம் ரெண்டு வேளை திறந்து மூடிய பாட்டில். அவன் ஸ்பிரிட்டில் பஞ்சைத் தோய்த்து, மிச்சமிருந்த மூணு இலக்கத்தின் மேல் தேய்க்காமல் சும்மா படுக்க வைத்தான். அப்படியே விட்டான்.

"ஊறணும்" என்றான். "வார்னிஷ் மொதல்ல எளகணும். அவசரப்பட்டா பச்சையும் வந்துடும்."

கொஞ்ச நேரம் கழித்துப் பஞ்சை எடுத்துவிட்டு இயர் பட்டால் ஒரே பக்கமாக, மெதுவாக, மெதுவாக உருட்டினான். எட்டின் ஓரம் சுருண்டது. பல்குத்தும் குச்சியின் மொட்டை முனையால் அதை நிமிண்டினான். நகம் வெட்டிப்போட்ட மாதிரி வெள்ளையாக ஒரு துணுக்கு வந்து அவன் கால்சட்டையில் விழுந்தது. பச்சை அப்படியே இருந்தது.

இவ்வளவுதானா என்று இருந்தது தனக்கொடிக்கு.

"அந்தப் பக்கமும் இருக்குதுல்ல?" என்றாள்.

"நாலு எடத்துல இருக்குது க்கா. ரெண்டு பக்கம், பின்னாடி ஒண்ணு." நிறுத்தினான். "முன்னாடி ஒண்ணு."

முன்னால் இருந்தது ரொம்பச் சின்னது. விளக்குக்குக் கீழே, அரிசி அளவு எழுத்து. அவள் இத்தனை நாளில் அதைக் கவனித்ததே இல்லை. அரிகரன் அதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டான். சித்தப்பா இன்னும் ரெண்டு தரம் கூப்பிட்டார். அர்ச்சனா கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு, புருஷனும் நாத்தனாரும் ஒரு பொம்மை மேல் குனிந்திருப்பதைக் கண்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றுகொண்டாள். "வராங்க மாமா, வராங்க. டிரெஸ் மாத்தறாங்க" என்று அவள் சமாளிப்பது கேட்டது.

முன்பக்க நம்பருக்கு வந்தபோது இயர் பட் வழுக்கி விளக்கில் இடித்தது. தனக்கொடி என்ஜினை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஊசி போடும்போது அப்பாவின் கையைப் பிடிப்பது போலப் பிடித்தாள். அவன் எடுத்து முடித்தான்.

*

பாடையில் வைத்தபோது சித்தப்பாதான் முதலில் கண்டுபிடித்தார்.

"இன்னாடா, நம்பரக் காணம்? காலையில இருந்துச்சே. ஓரத்துல வேற தீஞ்சாப்ல இருக்குது."

"வேணாம் சித்தப்பா" என்றான் அரிகரன்.

"நம்பர் இல்லாத வண்டிய யாருடா ஓட்டுவான்?"

"உடுங்க சித்தப்பா."

அவன் குரலில் சண்டை இல்லாததால் அவரும் விட்டுவிட்டார். பஷீர் பாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். என்ஜினைப் பார்த்தார். குனிந்து முன்பக்கத்தையும் பார்த்தார். பிறகு அப்பாவின் முகத்தை நன்றாக, வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்து அரிகரனின் தோளைத் தொட்டு, "தண்ணி கிண்ணி குடிச்சியா தம்பி?" என்று கேட்டார். குடிக்கவில்லை என்று அவன் தலையாட்டினான். அவரே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வந்தார்.

தெரு முனை வரைக்கும் பெண்கள் போனார்கள். அங்கே தனக்கொடி நின்றுவிட்டாள். மேளச் சத்தம் கரும்புத் தோட்டத்துப் பக்கம் திரும்பிச் சின்னதாகிக்கொண்டே போனது. அவளுக்குப் பசித்தது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் பசித்தது.

சுடுகாட்டில் பிளாஸ்டிக்கெல்லாம் வைத்து எரிக்கக் கூடாது என்று வெட்டியான் எடுத்துக் கொடுத்துவிட்டானாம். அரிகரன் திரும்பி வந்தபோது என்ஜின் ஈரத்துண்டில் சுற்றி அவன் அக்குளில் இருந்தது.

மறுநாள் பால் தெளித்துவிட்டு வந்து எல்லாரும் சாப்பிட்டுப் படுத்தார்கள். கட்டிலைக் கழற்றி வெளியே சாய்த்திருந்ததால் கூடம் பெரிதாகத் தெரிந்தது. தனக்கொடி சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். காலை மடக்கச் சொல்லி இப்போது யாரும் கூப்பிடமாட்டார்கள் என்பது அடிக்கடி மறந்து, அடிக்கடி நினைவுக்கு வந்தது.

அரிகரன் ஜன்னல் பக்கம் என்ஜினை வைத்துக்கொண்டு இப்படியும் அப்படியும் சாய்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, இங்க வாயேன்."

"இன்னா?"

"இந்தப் பக்கத்துலேர்ந்து பாரு."

போய்ப் பார்த்தாள். நேராகப் பார்த்தால் ஒன்றுமில்லை. அவன் என்ஜினை லேசாகச் சாய்த்தான். சாய்த்ததும் தெரிந்தது. அவள் விரல் ரேகை பதிந்த குழிக்கு முன்னால் மூணு இலக்கம், சுற்றி இருந்த பச்சையைவிடக் கொஞ்சம் அடர்ந்த பச்சையில்.

"வெயில்ல மத்த எடமெல்லாம் வெளுத்துடுச்சி" என்றான். "நம்பருக்கு அடியில வெளுக்கல."

அவள் சமையல்கட்டுக்குப் போய் டீ போட்டாள். கொண்டு வந்து வைத்தபோது அவன் போனில் எதையோ எழுதிக்கொண்டிருந்தான். ரயில் மாடல் செய்கிறவர்களுக்கு ஒரு குரூப் இருக்கிறது. புதிதாக எது செய்தாலும் அவன் அதில் போடுவான். அழித்து அழித்து எழுதினான். டீ ஆறி ஆடை கட்டியது.

"சரியா இருக்குதா பாரு" என்று போனை நீட்டினான். தனக்கொடி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாள்.

"நண்பர்களுக்கு வணக்கம். மீட்டர்கேஜ் டீசல் மாடல், நான் நம்பர் மாற்றியது. பல வருஷம் ஜன்னல் ஓரம் இருந்தது. இப்போது நம்பரை எடுத்துவிட்டேன். ஒரு இடத்தில் ரிமூவர் பட்டிருக்கிறது, அது பரவாயில்லை, அப்படியே இருக்கட்டும். ஆனால் நம்பர் இருந்த இடம் வெளுக்காமல் நிற்கிறது. சாய்த்துப் பார்த்தால் இன்னும் படிக்க முடிகிறது. அதன் மேல் வேறு நம்பர் ஒட்டப் போவதில்லை. முழுசாக பெயிண்ட் அடிக்கவும் மனசில்லை. அந்த இடம் மட்டும் தெரியாமல் போக ஏதாவது வழி உண்டா? யாருக்காவது தெரிந்தால் தயவுசெய்து பதில் போடுங்கள்."